குதிக்கால் இரத்தமும் தொலைபேசி இலக்கமும்

பிரசவ விடுதியிலிருந்து வீடு திரும்பும் நாளிலே, உடுப்புப் பையைக் கட்டி, பிள்ளைக்குத் தொப்பியும் காலுறையும் போட்டு, ஓட்டோக்காரருக்குச் சொல்லியனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்தாரிடம் தாதி ஒருவர் வந்து, "பிள்ளையின்ர குதிக்காலில கொஞ்ச இரத்தம் எடுக்கவேணும்" என்று சொன்னால், அதுவரை எல்லாம் நல்லபடி முடிந்ததென்று ஆறியிருந்த மனங்கள் சட்டென்று கலங்கிப்போகின்றன. "பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்பதே அவர்களுடைய முதற் கேள்வி. தெல்லிப்பழையில் நாற்பது வயதுக்கு உட்பட்ட தாய்மாரில் என்னிடம் விஞ்ஞானம் படித்தவர்கள் பலர் இருப்பதனால், அந்தக் கேள்வி வைத்தியசாலையிலிருந்தே தொலைபேசி வழியாக என்னிடம் வந்து சேர்வதுண்டு. வருத்தம் ஒன்றும் இல்லை என்று நான் சொல்லுவேன். வருத்தம் இல்லையென்று எல்லார் கண்ணுக்கும் தோன்றும் பருவத்திலேயே எடுக்கப்படவேண்டும் என்பதுதான் இந்தப் பரிசோதனையின் விசேஷம் என்றும் சொல்லுவேன். தொலைபேசியில் அவ்வளவுதான் சொல்ல முடிகின்றது. மிச்சத்தை ஆறுதலாக எழுதிவைத்தால், பிள்ளை பிறப்பதற்கு முன்னமே வாசித்து மனத்தை ஆயத்தப்படுத்திக்கொள்ள உதவுமென்று இங்கே எழுதுகின்றேன்.

நமது நாட்டின் அரச வைத்தியசாலைகளில் இந்த இரத்தம் முக்கியமாக ஒரு குறைபாட்டைத் தேடியே எடுக்கப்படுகின்றது. கழுத்தின் முன்புறத்தில் இருக்கும் தைரொயிட் சுரப்பி சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே இல்லாமற் போவதுண்டு; சிலருக்கு அது கழுத்துக்கு இறங்கி வராமல் நாக்கின் அடியில் சிறு துணுக்காக நின்றுவிடுவதுண்டு; இன்னுஞ் சிலருக்கு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தும் தன் சுரப்பைச் செய்ய இயலாதிருப்பதுண்டு. உலகளவிலே 2000 முதல் 4000 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் இது காணப்படுகின்றது. அந்தச் சுரப்பி தரும் தைரொக்சின் என்னும் ஓமோன்தான், பிறந்த பிள்ளையின் மூளை முதல் இரண்டு மூன்று வருடங்களில் அடையவேண்டிய அபரிமிதமான வளர்ச்சிக்கு ஆதாரமானது. கர்ப்பத்தில் இருக்கும்வரை தாயினுடைய தைரொக்சினில் ஒரு பகுதி நச்சுக்கொடி வழியாகச் சிசுவை அடைந்து அதனைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதனால், பிள்ளை நல்ல நிறையோடும் நல்ல அழுகையோடும், எவ்விதக் குறையும் வெளியே தெரியாமலே பிறக்கின்றது. கொடி வெட்டப்பட்டதும் அந்தத் தாய்வழிச் சகாயம் நின்றுபோகின்றது. அதற்குப் பின்னர் நாட்கள் செல்லச்செல்ல மூளைக்கு ஏற்படும் நஷ்டத்தை, ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ நோயைக் கண்டுபிடித்து எவ்வளவு மருந்து கொடுத்தாலும் முழுவதுமாக ஈடுசெய்ய முடிவதில்லை; முதல் இரண்டு வாரங்களுக்குள் மருந்தைத் தொடங்கிவிட்டாலோ, அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்து, படித்து, ஓடி விளையாடும். வைத்தியத்தில் இவ்வளவு சிறிய காரியத்துக்கு இவ்வளவு பெரிய பலன் கிடைக்கும் சந்தர்ப்பங்கள் அதிகமில்லை.

நோயின் குறிகள் மெல்ல மெல்லத்தான் தலைகாட்டும். அப்படித் தலைகாட்டும்போதும் அவை நோயின் தோற்றத்தோடு வருவதில்லை. செங்கமாரி வழக்கத்திலும் கூடுதலான நாட்களுக்கு நீடிக்கும். "வெயிலில காட்டினால் சரியாப்போகும்" என்பார்கள். மலம் இறுகும், அதற்கு வீட்டுக்கு வீடு ஒரு கைமருந்து இருக்கின்றது. தொப்புள் சற்றுப் புடைத்து நிற்கும், நாக்குப் பெரிதாகத் தெரியும், அழுகுரல் கம்மியிருக்கும், தோல் குளிர்ந்து வரண்டிருக்கும். எல்லாவற்றிலும் ஏமாற்றமானது பிள்ளையின் அமைதி. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருக்கும்படி ஏணையில் அயர்ந்து உறங்கும் பிள்ளையைப் பார்த்து, "எங்கட பிள்ளை ஒரு சோலியுமில்லை, நித்திரைதான்" என்று அம்மம்மா அயலாரிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. ஐந்து பிள்ளை பெற்று வளர்த்த அனுபவமும், முப்பது வருடம் குழந்தை வைத்தியம் பார்த்த கண்ணும்கூட, முதல் வாரத்திலே இந்த நோயைப் பார்வையினால் மட்டும் நிச்சயிக்க இயலாது. ஆகவேதான் இரத்தத்தைக் கேட்கவேண்டியிருக்கின்றது.

என் பெறாமகளுக்குப் பிள்ளை கிடைத்தபோது இந்த இரத்தம் எடுப்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. "பெரியம்மா, நீங்கள் நில்லுங்கோ, அம்மா பார்க்கமாட்டா" என்று அவள் சொன்னபடியே, என் தங்கை விடுதியின் யன்னலோரம் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். தாதி பிள்ளையின் காலைத் தன் உள்ளங்கையிலே பொத்தி வைத்திருந்து சூடேற்றினார். குளிர்ந்த காலில் இரத்தம் வராது, வராவிட்டால் மறுபடியும் குத்த நேரும் என்று விளக்கமும் சொன்னார். "தங்கச்சி, நீங்கள் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கொண்டே இருங்கோ, நான் காலைப் பார்க்கிறன்" என்றார். பிறகு குதிக்காலைத் துடைத்து, துடைத்த ஈரம் காயும்வரை பொறுத்து, குதிக்காலின் நடுவிலன்றி ஓரமாக, சிறு ஊசி முனையினாலே ஒரே குத்து. நடுவிலே எலும்பு தோலுக்கு மிக அண்மையில் இருப்பதனால் அங்கே குத்துவதில்லை. ஓரத்திலும் 2 மில்லிமீற்றர் அளவுக்கு மேலே ஊசி இறங்குவதில்லை. முதலில் வந்த துளியைப் பஞ்சினால் ஒற்றி எடுத்துவிட்டு, அடுத்துத் திரண்டு தொங்கிய பெரிய துளியை, வட்டங்கள் அச்சிடப்பட்ட தடித்த வடிதாள் அட்டையிலே மெல்லத் தொடவைத்தார். வட்டம் முழுவதும் செம்மை பரவியதும் அட்டையைத் திருப்பி, மறுபக்கத்திலும் அதே அளவுக்கு ஊறியிருக்கின்றதா என்று பார்த்துக்கொண்டார். ஒரு பக்கத்தில் மட்டும் படிந்த இரத்தமோ, துளிக்கு மேல் துளியாக வைத்த இரத்தமோ சரியான அளவைக் காட்டாது. பிள்ளை குத்தின கணத்திலே வாயை முலையிலிருந்து எடுத்து ஒருமுறை வீரிட்டது. மறுபடியும் பாலைப் பற்றிக்கொண்டது. பால் குடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் தாயின் மார்போடு அணைந்திருக்கும் பிள்ளைக்கும் நோவு குறைவு என்பது ஆராய்ச்சிகளால் நிறுவப்பட்ட உண்மை. ஆதலால், பிள்ளையைத் தனியே கொண்டுபோகாமல் உங்கள் மடியிலேயே வைத்து எடுக்க இயலுமா என்று தாதியைக் கேட்டுப்பார்ப்பதில் தவறில்லை. பஞ்சை வைத்துச் சற்று நேரம் அழுத்தியதும் இரத்தம் நின்றது; மறுநாள் சிறு புள்ளியாக ஒரு தழும்பு, ஓரிரு நாளில் அதுவும் இல்லை. அட்டையோ, வெயிலும் ஈரமும் படாத இடத்திலே மூன்று நான்கு மணி நேரம் கிடையாகக் கிடந்து காய்ந்த பின்னர்தான் உறையிலிடப்பட்டு ஆய்வுகூடத்துக்குப் போகும்.

எப்போது எடுப்பது என்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிள்ளை கர்ப்பத்தின் வெதுவெதுப்பை விட்டு வெளியுலகக் குளிருக்கு வந்தவுடனே, தைரொயிட்டைத் தூண்டும் ரி.எஸ்.எச். என்ற ஓமோன் எல்லாப் பிள்ளைகளிலும் அரை மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, பின்னர் ஒரு நாள் இரண்டு நாளிலே தானாகவே இறங்கிவிடுகின்றது. பரிசோதனை அளப்பது அதே ரி.எஸ்.எச்.ஐ ஆதலால், பிறந்த 24 மணி நேரத்துக்கு முன்னதாக எடுத்தால், ஒரு குறையுமில்லாத பிள்ளைக்கும் அளவு கூடுதலாகக் காட்டிப் பெற்றோரை வீணே கலங்கச் செய்யும். 48 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடைப்பட்ட காலமே உத்தமம் என்றாலும், சுகப்பிரசவமான தாயை அடுத்த நாளே வீட்டுக்கு விடுவது வழக்கமாகிவிட்டபடியால், பெரும்பாலும் 24 மணி நேரம் கழிந்ததும் வீட்டுக்குப் புறப்படும் முன் எடுத்துவிடுகின்றார்கள். குறைமாதத்திலே பிறந்த பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கு முதற் பரிசோதனை சாதாரணமாக இருந்தாலும் ரி.எஸ்.எச். பிந்தி ஏறக்கூடுமென்பதால், சில வாரங்களின் பின் மறுபடியும் எடுப்பது முறை. அப்போது "முந்தியே எடுத்தாச்சு" என்று மறுக்கக்கூடாது.

இந்த வடிதாள் அட்டைக்கு ஒரு சரித்திரம் உண்டு. நோர்வே நாட்டிலே போர்ன்யி ஏகெலாண்ட் என்ற தாய், பிறக்கும்போது நன்றாக இருந்த தன் மகளும் மகனும் வளர வளர அறிவு குன்றிப்போவதன் காரணத்தை அறிய வைத்தியர் வைத்தியராக அலைந்து, பிள்ளைகளிடத்தில் வீசும் ஒரு விநோத மணத்தைப் பற்றியும் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சலிக்காமல், கடைசியில் 1934இலே அஸ்பியோர்ன் ஃபோலிங் என்பவரிடம் போனார். அவர் அப்பிள்ளைகளின் சிறுநீரில் இருந்த அசாதாரணமான பொருளை வேறுபடுத்திக் கண்டு, பின்னாளில் பீனைல்கீட்டோனூரியா என்று பெயர் பெற்ற நோயை உலகுக்கு அறிவித்தார். ஒரு தாயின் பிடிவாதத்திலிருந்து பிறந்த அறிவு அது. அந்த அறிவு ஏகெலாண்டின் பிள்ளைகளுக்குப் பயன்படாமற் போயிற்று. அவர்களுக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது. அறிவு வளர்ச்சி குன்றிய ஒரு மகனுக்குத் தகப்பனாகவும், இதே நோய் பிந்திக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு உறவினராகவும் இருந்த அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரொபேட் கத்ரி, 1960களின் தொடக்கத்திலே, பிறந்த பிள்ளையின் குதிக்கால் இரத்தத்தை வடிதாளில் ஊறவைத்து, காயவைத்து, தூர இடத்து ஆய்வுகூடத்துக்கும் அனுப்பிச் சோதிக்கும் முறையை வகுத்தார். கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜான் டுசோ 1970களிலே அதே காய்ந்த இரத்தப் பொட்டில் தைரொயிட் குறைபாட்டையும் கண்டுகொள்ளலாமென்று காட்டினார். நமது நாட்டிலே 2010இல், தென் மாகாணத்தில், காலியிலுள்ள ருகுணுப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அணு மருத்துவப் பிரிவை மையமாகக் கொண்டு இது ஒழுங்கான திட்டமாகத் தொடங்கி, பின்னர் படிப்படியாக ஏனைய பகுதிகளுக்கும் விரிந்தது. ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடக்கும் நாடு நமது நாடு. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு வளர்ந்துவந்த மருத்துவிச்சிமாரின் வீட்டுத் தரிசிப்பும் நமக்கு இருக்கின்றது. இவ்விரண்டும் இல்லாத தேசங்களிலே இத்திட்டத்தை நடத்துவது எவ்வளவு கஷ்டமென்று எண்ணிப் பார்க்கும்போது, நமக்கு வாய்த்திருப்பதன் அருமை எனக்கு விளங்குகின்றது.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல எண்ணியதற்கு வருகின்றேன். பெற்றோர் அஞ்சுவது ஊசிக்கு. ஊசியோ ஒரு கணத்தில் முடிந்துபோகின்றது. அவர்கள் சிரத்தை வைக்கவேண்டியது அட்டையின் மேற்பகுதியில் எழுதப்படும் விபரங்களிலே. தாயின் பெயர், பிள்ளை பிறந்த திகதியும் நேரமும், இரத்தம் எடுத்த திகதியும் நேரமும், பிறந்த நிறை, விலாசம், தொலைபேசி இலக்கம் என்று தாதி ஒவ்வொன்றாகக் கேட்கும்போது, களைப்பிலும் அவசரத்திலும் ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றோம். பரிசோதனை முடிவு சாதாரணமாக இருந்தால் பெரும்பாலும் ஒருவரும் உங்களைத் தேடமாட்டார்கள். அசாதாரணமாக இருந்தால் உங்களைத் தேடிப்பிடிக்க அவர்களுக்கு இருக்கும் ஒரே பிடி அந்த விலாசமும் இலக்கமுந்தான்.

நமது பகுதியிலே அந்தப் பிடி நழுவுவதற்குப் பல காரணங்கள் உண்டு. 1990இலே வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இடம்பெயர்ந்து, காணிகள் பகுதி பகுதியாக விடுபட்டு, சனங்கள் பகுதி பகுதியாகத் திரும்பியதனால், அடையாள அட்டையிலே மயிலிட்டியும், கர்ப்பிணிக் கொப்பியிலே மல்லாகமும், உண்மையில் இருப்பது வேறெங்கோவுமாக வாழும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதற்கு மேலே, தலைப்பிள்ளைக்குத் தாய் தன் தாய்வீட்டுக்குப் போய்விடுவது நமது வழமை. மாவிட்டபுரத்தில் கிளினிக் போன பெண், பிள்ளை பிறந்ததும் கோண்டாவிலில் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். கொடுத்த தொலைபேசி இலக்கமோ கட்டாரிலோ கொழும்பிலோ வேலை செய்யும் கணவனுடையதாக இருக்கும். தெரியாத இலக்கத்திலிருந்து வேலைநேரத்தில் வரும் அழைப்பை அவன் எடுக்கமாட்டான். மாவிட்டபுரத்துக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்குப் போனால் அங்கே பூட்டியிருக்கும். இப்படியே நாட்கள் கழிந்துபோகும். எண்ணிப் பார்த்தால், இத்தனை பேர் அறிவும் உழைப்பும் சேர்ந்து கண்டுபிடித்த ஒரு நோய், கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும் ஒரு பிள்ளையின் மூளையைக் கெடுத்துவிடுவதற்கு ஒரு பிழையான இலக்கம் போதும்.

ஆதலால் இரண்டு இலக்கங்கள் கொடுங்கள். அவற்றுள் ஒன்று, அடுத்த ஆறு வாரமும் தாயும் பிள்ளையும் இருக்கப்போகும் வீட்டிலே எந்நேரமும் எடுக்கக்கூடிய ஒருவருடையதாக இருக்கட்டும். தாய்வீட்டு விலாசத்தையும் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தத் தாதியும் அதற்குக் கோபிக்கமாட்டார். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும், தாய்வீட்டுப் பகுதியில் இருப்பவருக்கும், பிள்ளை பிறந்ததையும் எங்கே இருக்கின்றீர்கள் என்பதையும் அறிவியுங்கள்.

அழைப்பு வந்தால் என்ன செய்வது? அழைப்பு வந்தது கொண்டே பிள்ளைக்கு நோய் என்று தீர்மானித்து அழத் தொடங்கவேண்டாம். குதிக்கால் இரத்தம் சந்தேகத்தை மட்டுமே எழுப்பும். நாளத்தில் இரத்தம் எடுத்து ரி.எஸ்.எச்.ஐயும் தைரொக்சினையும் அளந்த பின்னரே முடிவு சொல்லப்படும். அழைக்கப்படும் பிள்ளைகளிற் பலருக்கு அந்த இரண்டாவது பரிசோதனை சாதாரணமாகவே அமைந்துவிடுகின்றது. சிலருக்கு, முதல் அட்டையில் இரத்தம் சரியாக ஊறாமையே அழைப்புக்குக் காரணமாக இருப்பதும் உண்டு. ஆனால் போவதிலே தாமதம் கூடாது. அழைப்பு வரும் காலம் பெரும்பாலும் பிள்ளைக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் ஆன காலம். நமது வீடுகளிலே அது துடக்குக் காலம். 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை பச்சைப்பிள்ளையை வெளியே கொண்டுபோகக் கூடாதென்ற எண்ணம் இன்னும் பலருக்கு உண்டு. அதன் நோக்கம் தாயையும் சேயையும் அலைச்சலிலிருந்தும் தொற்றிலிருந்தும் காப்பதென்பதை நான் மதிக்கின்றேன். ஆனால் இந்த ஒரு பயணத்துக்கு 31ஆம் நாள்வரை காத்திருத்தல் அந்த நோக்கத்துக்கே விரோதமானது. வயதானவர்கள் தடுத்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். வைத்தியர் வாயாற் கேட்டால் அவர்களே மறுநாள் மருந்துக்கு அவசரப்படுத்துவார்கள்.

நோய் உறுதியானால், மருந்து மிகச் சாதாரணமானது. சுரப்பி தரவேண்டிய அதே தைரொக்சின், சிறு குளிகையாக, நாளுக்கு ஒரு முறை. பிள்ளையின் நிறையைப் பார்த்து, கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் என்ற கணக்கில் வைத்தியர் அளவைத் தீர்மானிப்பார். குளிகையை இரண்டு கரண்டிக்கிடையே நசித்து, சில துளி தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ கரைத்து, உடனே கரண்டியால் பருக்கவேண்டும். போத்தல் நிறைந்த பாலிலே கலந்தால், மீந்த பாலோடு மருந்தும் மீந்துவிடும். இரும்புச்சத்து மருந்தும் கல்சியமும் சோயாப் பாலும் இதன் உறிஞ்சலைத் தடுக்குமாதலால், அவற்றுக்கும் இதற்கும் இடையே சில மணி நேரம் விடவேண்டும். தினமும் ஒரே நேரத்திலே கொடுப்பது நல்லது. காலையிலே சாமி விளக்கு ஏற்றும் நேரத்தோடு சேர்த்து வைத்துக்கொண்ட ஒரு தாய், ஒருநாளும் மறக்கவில்லை என்று என்னிடம் சொன்னாள். முதல் மாதத்தில் அடிக்கடியும், பின்னர் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறையுமாக இரத்தம் பார்த்து அளவைத் திருத்துவார்கள். பிள்ளை வளர அளவும் கூடும். அளவு கூடுவதை நோய் முற்றுவதாக எண்ணிப் பயப்படவேண்டாம். அயடீன் உப்புச் சாப்பிடும் வீட்டில் இது எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கும், தாய் ஏதோ பத்தியம் தவறியதனால் வந்தது என்று குறை சொல்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இப்பிள்ளைகளிற் பெரும்பாலாருக்குச் சுரப்பி கர்ப்பத்தின் முதல் மாதங்களிலேயே உருவாகாமற் போயிருக்கின்றது. அதற்குத் தாய் உண்டதும் உண்ணாததும் காரணமல்ல.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளை பெற்ற நமது பெண்கள், "எங்களுக்கு இதே இரத்தத்தில எத்தினையோ வருத்தம் பார்க்கினம், உங்க ஒண்டுதானா?" என்று கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. இங்கிலாந்திலே 5ஆம் நாள் மருத்துவிச்சி வீட்டுக்கே வந்து எடுக்கும் இரத்தத்தில் ஒன்பது, பத்து அரிய நோய்களும், ஒன்ராறியோவிலே 25க்கு மேற்பட்டவையும் தேடப்படுகின்றன. நமது பட்டியலும் வளரவேண்டும் என்றே நானும் விரும்புகின்றேன். ஆயினும், தேடும் நோய் ஒன்றேயானாலும், கண்டுபிடித்த பிள்ளையை இரண்டு வாரத்துக்குள் அழைத்து, மருந்து தொடங்கி, வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்க்கும் ஒழுங்கு உறுதியாக இருத்தலே முதலாவது தேவை. அந்த ஒழுங்கு பலமாக இருந்தாலன்றோ அடுத்த நோயை அதன் மேல் ஏற்றலாம்.

அவசரத்தினாலோ, தனியார் வைத்தியசாலையிற் பிறந்ததனாலோ, வேறு விடுதிக்கு மாற்றப்பட்டதனாலோ உங்கள் பிள்ளைக்கு இந்த இரத்தம் எடுக்கப்பட்டதா என்று நிச்சயமில்லையானால், பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவர் முதற் பத்து நாட்களுக்குள் வீட்டுக்கு வரவேண்டியவர். வராவிட்டால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு நீங்களே போகலாம். மருந்து எடுத்துவரும் பிள்ளைகளின் பெற்றோர் பலரும் என்னிடம் கேட்பது, இது ஆயுள் முழுவதுக்குமா என்பது. சுரப்பியே இல்லாத பிள்ளைக்கு ஆம். சிலருக்கோ குறைபாடு தற்காலிகமானது. அதை அறிவதற்காக, மூளை வளர்ச்சியின் முக்கிய பருவம் கடந்த பின், ஏறத்தாழ மூன்று வயதில், வைத்தியரே மருந்தைச் சில வாரம் நிறுத்தி இரத்தம் பார்ப்பார். அந்த நாள் வருமுன்பு, பிள்ளை நன்றாகத்தானே இருக்கின்றது என்று வீட்டிலே ஒருவரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. அது நன்றாக இருப்பதே அந்தக் குளிகையினால்தான்.